ஆதினிக்கு ஒரு பலகை: டெல்லி மயூர் விகார் தமிழ்க் குடும்பங்கள் குழு

*வெள்ளிக்கிழமை*

சுதா, காலை 10:42
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆதினிக்கு 16 மாதம் ஆகிறது. காற்று மாசு அளவு இன்றும் 400-ஐத் தாண்டிவிட்டது, பூங்காப் பக்கமே போக முடியவில்லை. வீட்டுக்குள் அவள் விளையாட்டெல்லாம் பீரோ சாவி, அலமாரிக் கொக்கி, என் கைப்பை ஜிப் இவற்றோடுதான். பொம்மைக் கூடை அப்படியே கிடக்கிறது. அவள் தேடிப் போகிற சாமான்களையே ஒரு பலகையில் பொருத்திக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். பிஸி போர்டு என்கிறார்களே, அதுதான். யாராவது வீட்டில் செய்திருக்கிறீர்களா?

விக்னேஷ், காலை 10:45
பலகை இருக்கிறது. கட்டில் செய்தபோது மிஞ்சிய பிளைவுட், 12 மி.மீ. கனம், 2 அடிக்கு ஒன்றரை அடி. பரணில் கிடக்கிறது.

ஜெயா, காலை 10:51
நல்ல யோசனை சுதா! என் அக்கா மகனுக்குச் செய்தார்கள். சுவிட்ச், மூன்று பின் பிளக் பாயிண்ட், பாத்ரூம் தாழ்ப்பாள், டெலிபோன் டயல், குட்டி எல்.இ.டி. விளக்கு எல்லாம் வைத்தார்கள். அவ்வளவு அழகாக இருந்தது.

ராஜகோபால், காலை 11:03
விக்னேஷ், 12 மி.மீ. போதும். 18 போனால் எடை கூடிவிடும், குழந்தைமேல் சாய்ந்தால் ஆபத்து. ஆனால் ஸ்க்ரூவைக் கவனியுங்கள். கொக்கியோடு கடையில் தரும் ஸ்க்ரூ பெரும்பாலும் ஒரு அங்குலம், அதாவது 25 மி.மீ. உங்கள் பலகையைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் கூர் நீட்டி நிற்கும். அரை அங்குல ஸ்க்ரூ போட்டால் கூர் வராது, பிடிமானமும் இருக்காது. நாள் முழுக்க இழுக்கப்போகிற சாமான். அதனால் ஸ்க்ரூவே வேண்டாம், போல்ட் நட்டு போடுங்கள். பலகையின் பின்பக்கம் நான்கு ஓரத்திலும் ஒரு அங்குல ரீப்பர் கட்டை அடித்து, அதன்மேல் 4 மி.மீ. பிளை ஒன்றை மூடிவிட்டால் நட்டு எதுவும் கைக்கு எட்டாது.

செல்வம், காலை 11:10
சார் சொல்வது சரி. என் ஆசாரி ஒருவர் ஞாயிறு வருவார், ரீப்பர் நான் தருகிறேன். நான்கு மூலையையும் கூராக விடாதீர்கள் விக்னேஷ். ஒரு டம்ளரை மூலையில் கவிழ்த்து வளைவு வரைந்து, அந்தக் கோட்டில் அறுக்க வேண்டும். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, கடைசியில் 220. பிளைவுட் ஓரம்தான் சிலாம்பு ஏற்றும். முடித்ததும் ஒரு பழைய நைலான் துணியை ஓரமெல்லாம் ஓட்டிப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

சுதா, காலை 11:14
நன்றி அண்ணா. சாமான்களுக்கு நாளை சாவ்ரி பஜார் போகலாமா?

செல்வம், காலை 11:16
நாளைக்கே போய்விடுங்கள், ஞாயிறு கடை இருக்காது. மெட்ரோவில் ப்ளூ லைனில் ராஜீவ் சௌக், அங்கே மாறி யெல்லோ லைனில் இரண்டாவது ஸ்டேஷன். கொக்கி, கீல், வளையம், கைப்பிடி எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். லேஸ், வெல்வெட் துண்டு வேண்டுமென்றால் கொஞ்சம் நடந்து கினாரி பஜார்.

ராஜகோபால், காலை 11:24
சாவ்ரி பஜார் என்றால் பித்தளைதான் கண்ணை இழுக்கும். இதற்கு மட்டும் பித்தளை வாங்காதீர்கள் அம்மா. கடைசலுக்கு எளிதாக இருக்கப் பித்தளையில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பது வழக்கம். பெரியவர்கள் கதவில் இருந்தால் பரவாயில்லை, ஆதினி அதை வாயில் வைப்பாள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். பெயிண்டும் அப்படித்தான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பரணில் பழைய டப்பா இருந்தால் அதைத் தொட வேண்டாம். தண்ணீரில் கரைக்கும் புது பெயிண்ட், ஈயம் இல்லை என்று டப்பாவிலேயே போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

நசீமா, பகல் 1:20
ட்யூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். ஜெயா, அந்தக் குட்டி விளக்கு மட்டும் வேண்டாம். பட்டன் பேட்டரி இருக்கிற எதுவுமே இந்தப் பலகையில் வேண்டாம். அது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் மாட்டினால், ஈரத்தில் மின்சாரம் ஓடி, சதையை அரிக்கிற காரப்பொருள் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே குழாயைப் பொசுக்கிவிடும். குழந்தை இருமக்கூட மாட்டாள், எச்சில் வடியும், சாப்பிட மறுப்பாள், அவ்வளவுதான் தெரியும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சின்னக் காந்தமும் அதே மாதிரிதான். இரண்டு காந்தம் உள்ளே போனால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு துளை போட்டுவிடும்.

ஜெயா, பகல் 1:26
ஐயோ அக்கா, இது எனக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்கு இப்போதே போன் செய்கிறேன்.

நசீமா, பகல் 1:31
செய் ஜெயா. சுதா, இன்னொன்று. அட்டையில் 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி வைத்துக்கொள். பொம்மைச் சோதனையில் 3.2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான குழல் வைத்துப் பார்ப்பார்கள், நாம் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தில் நுழைகிற எதுவும், பிய்த்துக்கொண்டு வரக்கூடிய நிலையில் பலகையில் இருக்கக் கூடாது. மணி, பட்டன், பாசி எதுவானாலும் சரி. கயிறு வைத்தால் ஒரு சாண் நீளத்துக்குள், இரண்டு முனையும் பலகையோடு கட்டியிருக்க வேண்டும்.

ராஜகோபால், பகல் 1:40
2021 ஜனவரி முதல் கடையில் விற்கிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நசீமா சொன்ன குழல், இழுத்துப் பார்ப்பது எல்லாம் அந்தச் சோதனைதான். வீட்டில் செய்வதை யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள், நாம்தான் செய்ய வேண்டும். 5 கிலோ அரிசிப் பையை ஒவ்வொரு வளையத்திலும் கொக்கியிலும் மாட்டித் தொங்கவிடுங்கள். அசைந்தால் கழற்றி மறுபடி பொருத்துங்கள்.

கமலா மாமி, மாலை 4:05
சுதா, மத்தியானமெல்லாம் இதைப் படித்துக்கொண்டே இருந்தேன். நர்சரி வகுப்பில் பல வருஷம் இருந்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஈயம், பேட்டரி எல்லாம் அவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தப் பிளக் பாயிண்டும் பாத்ரூம் தாழ்ப்பாளும்தான் கவலை. பலகையில் கரண்ட் இல்லை என்பது உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பலகையில் இருக்கிற ஓட்டையில் விரலை விட்டால் "சபாஷ்" என்பாய், சுவரில் இருக்கிற ஓட்டையில் விட்டால் கையைத் தட்டிவிடுவாய். 16 மாதக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். பலகையில் பழகியதைக் கை வீடெங்கும் செய்து பார்க்கும், அதற்காகத்தானே பலகையே. அதனால் வீட்டில் எதைச் செய்தால் நீ தடுப்பாயோ அது பலகையில் இருக்கவே கூடாது. கேஸ் அடுப்புத் திருகு மாதிரி ஒன்று வைக்கிறார்கள், அதுவும் கூடாது.

பாத்ரூம் தாழ்ப்பாளும் அதே கதைதான். போன வருஷம் நம் பிளாக்கிலேயே ஒரு குழந்தை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கதவை உடைக்க வேண்டி வந்தது ஞாபகம் இருக்கிறதா?

விக்னேஷ், மாலை 4:12
மாமி, அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்ததே தாழ்ப்பாள்தான். அதை எடுத்துவிட்டால் பலகையில் என்ன இருக்கும்?

கமலா மாமி, மாலை 4:20
தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்லவில்லை விக்னேஷ். உங்கள் வீட்டுக் கதவில் இல்லாத தாழ்ப்பாளாக இருக்கட்டும். கொக்கியும் வளையமும் வை, சங்கிலியைக் காடியில் தள்ளுகிற மாதிரி ஒன்று வை. அவள் விரலுக்கு வேண்டியது தூக்குவது, நகர்த்துவது, மாட்டுவது. அது எந்தக் கதவுத் தாழ்ப்பாள் என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. பாத்ரூம் தாழ்ப்பாளை எப்படியும் உன் தோள் உயரத்துக்கு ஏற்றிவிடு, பலகை செய்தாலும் செய்யாவிட்டாலும்.

ராஜகோபால், மாலை 4:26
சுவிட்ச் மட்டும் இருக்கட்டும் மாமி. விளக்குப் போடுவதும் அணைப்பதும் நாமே தூக்கிக்காட்டிச் செய்ய வைப்பதுதானே. ஒயர் இல்லாத வெறும் சுவிட்ச், பிளக் ஓட்டை இல்லாத தகடு.

கமலா மாமி, மாலை 4:29
சுவிட்ச் சரி. பெரிய சுவிட்சாக இருக்கட்டும், கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜெயா சொன்ன பட்டியல் நீளம். சின்னக் குழந்தைகளுக்கென்று ஒரு கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறு வந்தார், உலகப் போர் நடந்த காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் முறையில் பட்டன் மாட்ட ஒரு மரச்சட்டம், கொக்கிக்கு ஒரு சட்டம், நாடா முடிய ஒரு சட்டம் என்று தனித்தனியாக இருக்கும். ஒரு சட்டத்தில் ஒரு வேலைதான். குழந்தை ஒன்றை எடுத்தால் அதிலேயே மூழ்கிவிடுவாள். பலகையை நிறைத்துவிட்டால் இதைத் தட்டுவாள், அதைத் தட்டுவாள், எதிலும் நிற்க மாட்டாள். உன் பலகைக்கு ஆறு சாமான் போதும், நடுவில் கையகலம் இடைவெளி விடு. போல்ட் நட்டுதானே, கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

சுதா, மாலை 4:41
மாமி, இதை யாருமே இப்படிச் சொல்லித் தரவில்லை. தடவிப் பார்க்கிற மாதிரி என்ன வைக்கலாம்?

கமலா மாமி, மாலை 4:50
கோரைப்பாய்த் துண்டு இருக்கிறதா? ஓரத்தைத் துணியால் மடித்துத் தைத்துவிடு. பக்கத்திலேயே பட்டுப் புடவைத் துண்டு, அடுத்துத் துவாலை. சொரசொரப்பும் வழுவழுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வித்தியாசம் கைக்குத் தெரியும். தேங்காய் நார் வேண்டாம், பிரி பிரியாக உதிர்ந்து வாய்க்குள் போகும். கண்ணாடி வைக்காதே, எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு சின்னதாக ஒன்றைப் பொருத்து. முகமும் தெரியும், தட்டினால் சத்தமும் வரும், இந்தக் குளிரில் தொட்டால் ஜில்லென்று இருக்கும்.

செல்வம், மாலை 5:02
குட்டிக் கதவு வைக்கிற ஆசை இருந்தால் இரும்புக் கீல் வேண்டாம். கீல் பக்கத்து இடுக்கில் விரல் நசுங்கும்.

ராஜகோபால், மாலை 5:06
ஆமாம். அந்த இடுக்கு ஒன்று 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 12 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். இடைப்பட்டதில்தான் விரல் போய் மாட்டும். தடித்த கான்வாஸ் துணியையே கீலாகப் பொருத்தினால் அந்தத் தொல்லையே இல்லை.

சுதா, மாலை 5:15
எங்கே வைப்பது? வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ராஜகோபால், மாலை 5:18
அப்படியானால் சாய்த்து மட்டும் வைக்காதீர்கள். பிடித்து எழுந்து நிற்கிற வயது, பலகையோடு பின்னால் விழுவாள். தரையில் படுக்கையாகப் போட்டுவிடுங்கள். உட்கார்ந்து விளையாட அதுவே வசதி. நிற்க வைக்க வேண்டுமென்றால் கட்டில் காலோடு மேலும் கீழும் போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும்.

*புதன்கிழமை*

சுதா, காலை 11:30
[புகைப்படம்]
முடித்துவிட்டோம்! கொக்கியும் வளையமும், காடிச் சங்கிலி, இரண்டு சுவிட்ச், ஜிப், எவர்சில்வர் தட்டு, கோரைப்பாயும் பட்டும் துவாலையும் சேர்ந்த ஒரு வரிசை. பெயிண்ட் நன்றாகக் காய்ந்து வாடை போகும்வரை பால்கனியில் வைத்திருந்தோம். அரிசிப் பை சோதனையில் வளையம் ஒன்று அசைந்தது, செல்வம் அண்ணாவின் ஆசாரி பெரிய வாஷர் போட்டு இறுக்கிக் கொடுத்தார்.

நசீமா, காலை 11:34
மாஷா அல்லாஹ், எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது! ஜிப்பின் பிடி சின்னதாகத் தெரிகிறதே?

சுதா, காலை 11:43
அதில் துணியில் ஒரு வளையம் தைத்துக் கோத்திருக்கிறேன் அக்கா, படத்தில் மறைந்துவிட்டது. ஜிப்பைத்தான் இன்று காலை முழுக்க. முதலில் வளையத்தை மட்டும் இழுத்தாள், துணியும் கூடவே சுருங்கி வந்தது, ஜிப் நகரவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு இடது உள்ளங்கையைத் துணிமேல் அழுத்தி வைத்துக்கொண்டு வலது கையால் இழுத்தாள். கரகரவென்று திறந்தது. நான் எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. திறந்ததும் உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அங்கே சிவப்பு வெல்வெட் வைத்துத் தைக்கப்போகிறேன்.

கமலா மாமி, காலை 11:50
என் கண்ணே! ஒரு கை பிடித்துக்கொள்ள மறு கை வேலை செய்ய வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள் பார். நாளைக்குச் சட்டை போடுவது, டப்பா திறப்பது எல்லாம் இதில்தான் ஆரம்பம். பக்கத்தில் உட்கார், கை கொடுக்காதே. அவளே உன்னைப் பார்த்தால் மட்டும் ஒரு முறை மெதுவாகச் செய்து காட்டு.

விக்னேஷ், காலை 11:58
சுவிட்சை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள் மாமி. கழற்றிவிடலாமா?

கமலா மாமி, பகல் 12:03
அவசரப்படாதே, கொஞ்ச நாள் இருக்கட்டும். அப்போதும் தொடவில்லை என்றால் கழற்றிவிட்டு சைக்கிள் மணி வை.

ராஜகோபால், பகல் 12:08
வாரம் ஒரு முறை எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள். பின்பக்க மூடியை ஆணியடித்து நிரந்தரமாக மூடிவிடாதீர்கள், ஸ்க்ரூவில் இருக்கட்டும், தலை மரத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும்.

ஜெயா, பகல் 12:15
அக்கா வீட்டில் விளக்கையும் பிளக் பாயிண்டையும் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்குக் கொக்கி வேண்டுமாம். சுதா, உங்களிடம் மிச்சம் இருக்கிறதா?

சுதா, பகல் 12:17
ஸ்டீல் கொக்கி ஒரு ஜோடி இருக்கிறது ஜெயா, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டும் வாஷரும் சேர்த்துத் தருகிறேன். பலகை எத்தனை மி.மீ. என்று கேட்டுவிட்டு வாருங்கள், போல்ட் நீளம் அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.