சாடியில் 'மிஸ்டர் லிங்கன்' ரோஜா: இலை கொட்டுது, மணமும் இல்லை

கேள்வி (செத்தாப்பாக், கோலாலம்பூர்): குளிரான கேமரன் மலையிலிருந்து வந்த செடி, 10 அங்குலச் சாடி. வெயில் மதியம் வரை. கீழ் இலைகளில் ஓரம் பிசிறிய கரும்புள்ளி, சுற்றிலும் மஞ்சள், அப்புறம் உதிர்வு. பூவும் சிறுத்துவிட்டது. சாயந்திரம் மோந்தால் மணமே இல்லை.

பதில் 1: கரும்புள்ளிப் பூஞ்சைதான். இலை ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும், பிடித்துக்கொள்ளும். நம்மூர் அந்திமழை அதற்கு விருந்து. மழை படாத கூரையோரம் நகர்த்துங்கள், ஆனால் 6 மணி நேர வெயில் குறையக்கூடாது. காலையில் வேரில் மட்டும் தண்ணீர். விழுந்த இலையைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி, இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். புள்ளி விழுந்த இலை தேறாது, புதுத்துளிரைத்தான் காப்பாற்றுகிறோம்.

பதில் 2: சாடி சின்னது, 16 அங்குலம் வேண்டும். தோட்டமண் 2 பங்கு, மக்கிய சாணம் 1, கருக்கிய உமி 1. வாடிய பூவை ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்த துளிர்மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே விட்டுச் சாய்வாக வெட்டுங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் மாதிரி மொட்டையடிக்காதீர்கள். இங்கே செடிக்கு உறக்ககாலம் கிடையாது. மணத்தைக் காலையில் பாருங்கள், வெயில் ஏறினால் பறந்துவிடும். ஆனால் மலையில் கிடைத்த பூ அளவு இங்கே வராது. இரவுச் சூடு பூவைச் சீக்கிரம் விரித்துவிடும்.

கேள்வி கேட்டவர்: முட்டை ஓடு, தேயிலைத்தூள் போடலாமா?

பதில் 2: முட்டை ஓடு கரைய மாதக்கணக்காகும். தேயிலையை மக்கவைத்துப் போடுங்கள், சீனி கலந்தது வேண்டாம், எறும்பு வரும்.