செய்திப் படத்தில் ஒரு மூலையை மட்டும் திருத்துவது குற்றமா?

நிழல்வெளி எழுதியது:
சிரியப் போரைப் படமெடுத்துவந்த நார்சிசோ கான்ட்ரெராஸ், துப்பாக்கிச் சண்டையின்போது பதுங்கும் கிளர்ச்சிப் படை வீரர் ஒருவரை 2013 செப்டம்பரில் எடுத்த படத்தின் இடது கீழ் மூலையில், சக செய்தியாளரின் வீடியோ கேமரா தெரிந்தது. அந்த மூலையை மட்டும் மென்பொருளில் திருத்தி, பின்னணியைக் கொண்டு கேமராவை மறைத்தார். இதை அவரே ஆசிரியர்களிடம் சொன்ன பிறகு, 2014 ஜனவரியில் அவருடைய படங்களை வெளியிட்டுவந்த அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. விற்பனைத் தொகுப்பிலிருந்து அவருடைய படங்கள் அனைத்தையும் நீக்கியது. அவர் அனுப்பிய ஏறத்தாழ 500 படங்களைப் பரிசோதித்தும் வேறு எதிலும் திருத்தம் அகப்படவில்லை என்று அதே நிறுவனம்தான் கூறியது. இதே மூலையை கிராப் செய்து வெட்டியிருந்தால் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். வெட்டினால் நியாயம், மறைத்தால் குற்றம் என்பது எனக்கு விளங்கவில்லை.

சட்டகம் எழுதியது:
எனக்கு அந்த வேறுபாடுதான் எல்லாமே. கிராப் செய்யும்போது படம் சுருங்குகிறது. எஞ்சியிருப்பது முழுவதும் கேமரா பார்த்ததுதான். எந்தப் படமும் ஓரிடத்தில் முடிந்தாக வேண்டும் என்பது வாசகருக்கும் தெரியும். ஒட்டி மறைக்கும்போதோ, அந்த நொடியில் அந்த இடத்தில் இல்லாத ஒரு தரை இருந்ததாகப் படம் சாட்சி சொல்கிறது. பக்கத்தில் இன்னொரு செய்தியாளரும் படம்பிடித்துக்கொண்டிருந்தார் என்பது, போர்முனைக் காட்சி ஒன்றை எடைபோட வாசகருக்கு மிகவும் வேண்டிய தகவல் அல்லவா?

2006 ஆகஸ்டில், பெய்ரூட்டில் குண்டுவீச்சுக்குப் பின் எழுந்த புகையைப் படக்காரர் அட்னான் ஹஜ் குளோன் செய்து, அதாவது படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து ஒட்டி, பெருக்கிக் காட்டியது அம்பலமானபோது, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அவருடைய 920 படங்களையும் திரும்பப் பெற்றது. ஒட்டுப்போட்ட படம் ஒன்று வெளிவந்துவிட்டால், மற்றவற்றுக்கு யார் உறுதி சொல்வது?

பழைய நெகட்டிவ் எழுதியது:
நாளிதழின் படப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில், இந்த வாதம் "ஒரு பகுதியைத் தனியே தொட்டாலே தவறு" என்று போய்விடக் கூடாது என்று கவலைப்படுகிறேன். உச்சி வெயிலில் எடுத்த தேரோட்டப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்களின் முகங்கள் நிழலில் கறுத்துக் கிடக்கும். வேட்டிகள் வெயிலில் வெளுத்திருக்கும். மொத்தப் படத்துக்கும் வெளிச்சம் கூட்டினால் வேட்டியின் மடிப்புகள் காணாமல் போகும், கூட்டாவிட்டால் முகங்களே தெரியாது. ஆகவே மென்பொருளில் லாசோ என்ற தேர்வுக் கருவியால் முகங்களைச் சுற்றி வளைத்து, ஓரம் மெல்லக் கரையும்படி ஃபெதர் கொடுத்து, மற்ற இடங்களில் திருத்தம் படாமல் மறைக்கும் லேயர் மாஸ்க்கின் வழியாக அந்தப் பகுதிக்கு மட்டும் அரை ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வெளிச்சம் ஏற்றுவேன். ஃபெதர் குறைந்தால் தலையைச் சுற்றி ஒரு கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். மிகுந்தால் வெளிச்சம் பின்னால் வானத்துக்குக் கசியும். அந்த முகங்கள் கேமரா பதிவு செய்த மூலக் கோப்பான ரா கோப்பில் பதிவாகியே இருக்கின்றன. 14 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 வெளிச்சப் படிநிலைகள் வரை உண்டு, சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் 256 மட்டுமே. அதனால்தான் ராவில் நிழலுக்குள்ளிருந்து இவ்வளவை மீட்க முடிகிறது. இருட்டறைக் காலத்தில், நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரின் ஒளியைக் கையால் மறைத்தும் விட்டும், சில இடங்களை வெளிறவும் சில இடங்களைக் கறுக்கவும் வைத்த டாட்ஜ், பர்ன் வேலைதான் இது. இல்லாத எதையும் நான் படத்துக்குள் கொண்டுவரவில்லை.

நிழல்வெளி எழுதியது:
கொண்டுவராமலே பொய் சொல்ல முடியும், ஐயா. 1994 ஜூனில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனைக் காவல்துறை எடுத்த படத்தை டைம் இதழ் அவருடைய முகம் கறுத்துத் தெரியும்படி மாற்றி அட்டையில் போட்டது. அதே படத்தை நியூஸ்வீக் இதழ் மாற்றாமல் வெளியிட்டதால் வேறுபாடு ஊருக்கே தெரிந்தது. வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே ஒரு கறுப்பின மனிதரை அச்சமூட்டுபவராகக் காட்டிய அந்தத் திருத்தம், நீங்கள் முகங்களுக்கு ஏற்றும் வெளிச்சத்தின் மறுபக்கம்தான். கான்ட்ரெராஸ் மறைத்த கேமராவால் யாருக்கு என்ன கேடு நேர்ந்தது? எது பெரிய தவறு என்று நீங்களே சொல்லுங்கள்.

சட்டகம் எழுதியது:
டைம் செய்தது பெரிய தவறுதான். ஆனால் அதனால் ஒட்டுவது சிறிய தவறாகிவிடாது. கேடு எவ்வளவு என்று அளந்து தண்டிக்கத் தொடங்கினால், எது அற்பம், எது முக்கியம் என்பதை முதலில் முடிவு செய்பவர், படத்தை அனுப்பும் அவசரத்தில் தனியே உட்கார்ந்து திருத்தும் அதே படக்காரர்தான். அவர் கையில் அந்த அதிகாரம் இருக்கக் கூடாது. ஒட்டுவதற்கு முழுத் தடையும், பகுதி வெளிச்சத்துக்கு மூலக் கோப்புடன் ஒப்பிடும் கட்டாயமும் வேண்டும் என்பேன்.

பழைய நெகட்டிவ் எழுதியது:
ஒப்பிடுவது கடினமன்று. லேயர்களை, அதாவது திருத்த அடுக்குகளை, ஒன்றாக்கிவிடாமல், திருத்திய கோப்பையும் ரா கோப்பையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் போதும். திருத்த லேயரை அணைத்துப் பார்த்தாலே எங்கே, எவ்வளவு கை வைத்தார் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

நிழல்வெளி எழுதியது:
அந்த ஏற்பாட்டை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் கான்ட்ரெராஸ் பற்றி எனக்கு இன்னொரு கேள்வி மீதி இருக்கிறது. தாம் செய்ததைத் தாமே சொன்னவருக்குக் கிடைத்தது இது என்றால், அடுத்த படக்காரர் எதற்காக வாய் திறப்பார்?