ஊர் வீட்டு வாடகையும் கனடா சைல்ட் பெனிபிட்டும்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கனடா வந்திருக்கிறீர்களா? அந்த வாடகை இங்கே கணக்கில் சேரும். பணம் இந்தப் பக்கமே வரவில்லை, அம்மாவின் மருந்துச் செலவுக்குத்தான் போகிறது என்றாலும் சேரும், ஏனென்றால் இங்கே குடியேறிய நாளிலிருந்து உலகத்தில் எங்கே வரும் வருமானத்தையும் காட்டியாக வேண்டும்.

வரியை விட இதில் அடி வாங்குவது அரசு தரும் உதவித்தொகையான பெனிபிட்தான். ஜிஎஸ்டி கிரெடிட் (விற்பனை வரிக்கு ஈடாகத் தருவது), சைல்ட் பெனிபிட் (பிள்ளைகளுக்காக மாதாமாதம் தருவது) எல்லாம் கணவன் மனைவி இருவரின் நிகர வருமானத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் தருகிறார்கள். வீடு வேலையில்லாத மனைவி பெயரில் இருந்தால் வரி குறையலாம், பெனிபிட்டுக்கு அது உதவாது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரைக்கான கணக்கில், குடும்ப நிகர வருமானம் 37,487 டாலரைத் தாண்டினால் சைல்ட் பெனிபிட் குறையத் தொடங்கும். இரண்டு பிள்ளைகள் என்றால், வரம்பைத் தாண்டிய தொகையில் 13.5 சதவீதம் குறையும். அந்த வரம்புக்குச் சற்று மேலே இருக்கும் குடும்பத்துக்கு 3,000 டாலர் நிகர வாடகை (செலவு போக மிஞ்சுவது) சேர்ந்தால் வருடத்துக்கு 405 டாலர் போய்விடும்.

"அங்கேயே வரி கட்டியாச்சே" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். கட்டிய வரிக்கு இங்கே கழிவு உண்டு, ஆனால் அது இங்கே கட்டவேண்டிய வரியைத்தான் குறைக்கும், நிகர வருமானத்தைக் குறைக்காது.

அதனால் செலவுகளை ஒன்று விடாமல், வாடகை வருமானத்தைக் காட்டும் டி776 படிவத்தில் போடுங்கள். சொத்து வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர், வீட்டுக் கடனின் வட்டி (அசல் கூடாது) எல்லாம் கழியும். இந்தியாவில் கண்ணை மூடிக்கொண்டு தரும் 30 சதவீதக் கழிவு இங்கே செல்லாது, பில் வேண்டும். ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பிளம்பர், பெயின்டர் ரசீதுகளை அப்போதைக்கப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சைல்ட் பெனிபிட்டுக்கு முதலில் விண்ணப்பிக்கும்போது ஆர்சி66 இணைப்புப் படிவத்தில் நீங்கள் இங்கே வருவதற்கு முந்தைய வருமானத்தையும் கேட்பார்கள். அதற்கு வரி கிடையாது, பெனிபிட் கணக்குக்கு மட்டும்தான். அந்தக் காலத்து வாடகையையும் தயங்காமல் எழுதுங்கள், மறைத்து வாங்கிய தொகையைப் பின்னால் திருப்பிக் கேட்பார்கள். முக்கியமாக, வருமானமே இல்லாவிட்டாலும் இருவரும் ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். ஒருவர் விட்டாலும் ஜூலையில் பணம் நின்றுவிடும்.