குமுளியில் வாங்கிய ‘சுகர் டீ’: அம்மா மாத்திரையை நிறுத்தலாமா?

கூடலூர்_மகன்:
தேனி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் இருக்கிறோம். அம்மா சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார்கள். சித்தி குமுளிக்குப் போனபோது ஒரு மசாலாக் கடையில் ‘சுகர் டீ’ வாங்கி வந்தார்கள். ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், பட்டை, நாவல் கொட்டை என்று போட்டிருக்கிறது, எது எவ்வளவு என்று இல்லை. அம்மா காலையும் சாயங்காலமும் அதைக் குடித்துவிட்டு, இனி மாத்திரை எதற்கு என்கிறார்கள். இந்த வாரம் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. என்ன செய்வது?

கம்பம்_நர்ஸ்:
முதலில் அந்த நடுக்கத்தைக் கவனியுங்கள், சுகர் இறங்கியிருக்கலாம். கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை, சாப்பாடு தள்ளிப்போனாலே இறக்கிவிடும், சிறுகுறிஞ்சானும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். நடுங்கும்போது மீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். டீயை நிறுத்திவிட்டு, இன்றைக்கே பாக்கெட்டோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையைக் குறைப்பதா கூட்டுவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

குமுளி_ஏலம்:
நான் இங்கே மசாலாக் கடையில் வேலை பார்க்கிறேன். மலிவாகப் போகிற பட்டை பெரும்பாலும் காசியா, தடித்த ஒற்றைத் தோல். அதில் கூமரின் என்கிற வேதிப்பொருள் அதிகம், தினமும் நிறைய உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆகாது. சிலோன் பட்டை மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். பொடித்துவிட்டால் பார்வைக்குக் கண்டுபிடிப்பது கஷ்டம். அளவு போடாத பாக்கெட்டை வாங்காதீர்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடமும் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை_செல்வி:
சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், இனிப்பே தெரியாது. அதிலிருக்கிற ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் செய்கிற வேலை அது. அதைப் பார்த்துத்தான் பலர் ரத்தத்திலும் சர்க்கரை போய்விட்டதாக நம்புகிறார்கள். ஆவாரம்பூவோ வெந்தயமோ கொஞ்சம் உதவலாம், ஆனால் மாத்திரையின் இடத்தில் வைக்க முடியாது. மூன்று மாதச் சராசரி டெஸ்டும் எடுத்துவிடுங்கள். அம்மாவுக்குச் சூடாக ஏதாவது குடித்தே ஆக வேண்டுமென்றால், எங்கள் பாலக்காட்டுப் பக்கம் குடிக்கிற மாதிரி பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்ட வெந்நீர் கொடுங்கள். அது சுகருக்கு மருந்தில்லை, தாகத்துக்குத்தான். சர்க்கரை போட்ட டீ ஒன்று குறைந்தாலே லாபம்.

கூடலூர்_மகன்:
எல்லோருக்கும் நன்றி. இப்போது பார்த்தோம், 61 காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகு 94. டாக்டரிடம் கிளம்புகிறோம், பாக்கெட்டும் கையில் இருக்கிறது. செல்வி அக்கா, பதிமுகம் ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு போடுவீர்கள்?

கொழிஞ்சாம்பாறை_செல்வி:
சின்னச் சீவல் நாலைந்து போதும் தம்பி, இளஞ்சிவப்பு ஏறினதும் இறக்கிவிடு. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் வா.