கோத்தகிரி வீட்டில் 10-க்கு 12 அறை: அலமாரியில் சின்ன ஸ்பீக்கரா, தரையில் டவரா?

தூறல்_கோத்தகிரி

வணக்கம். வாடகை வீடு. அறை 10 அடிக்கு 12 அடி, சிமெண்ட் தரை, தகரக் கூரைக்குக் கீழே பலகை சீலிங். கேட்பது பாதி கர்நாடகக் கச்சேரி, பாதி இளையராஜா. ஹெத்தை ஹப்பா திருவிழா சமயத்தில் சொந்தக்காரர்கள் வந்துவிட்டால் படுகர் பாட்டு போட்டு ஆட்டமும் உண்டு. ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்து 45,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

ஸ்பீக்கர் வைக்க இடம் என்று இருப்பது சுவரோடு ஒட்டிய மர அலமாரி மட்டும்தான், ஆழம் ஒரு அடி. பார்த்து வைத்திருப்பவை எலாக் டெபு பி5.2, க்யூ அகூஸ்டிக்ஸ் 3020ஐ. பேஸைக் கூட்டப் பெட்டியில் விடுகிற காற்றுத் துளை முதலாவதற்கு முன்பக்கம், இரண்டாவதற்குப் பின்பக்கம். பின்னால் துளை இருப்பதை அலமாரியில் வைக்கவே கூடாது என்று கோவையில் ஒரு கடையில் சொன்னார்கள். மச்சானோ "ரெண்டும் வேண்டாம், டவர் வாங்கு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கொடை_அதிர்வு

மச்சான் சொல்வதைக் கேளுங்கள்.

ஐந்து அங்குலக் கூம்பு எவ்வளவு காற்றைத் தள்ளிவிடும்? பேஸ் கிடாரின் அடித்தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். இந்த அளவுப் பெட்டிகள் பெரும்பாலும் 60 பக்கத்திலேயே தளர ஆரம்பித்துவிடும். ராஜா இசையில் பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டே போட்டுக்கொண்டு போகும். அதில் பாதியை விட்டுவிட்டுக் கேட்க 45,000 எதற்கு? நான் கொடைக்கானலில் எட்டு அங்குல வூஃபர் போட்ட டவர் வைத்திருக்கிறேன். தவில் விழுந்தால் நெஞ்சில் விழும்.

இன்னொன்று. மலையில் காற்று மெலிசு. கீழே சமவெளியில் திணறுகிற சின்னப் பெட்டி மேலே வந்தால் இன்னும் திணறும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

குன்னூர்_ஸ்ருதி

அடித்தந்தியை வெறுமனே மீட்டுகிற இடம் ஒரு பாட்டில் எத்தனை வரும்? பேஸ் கிடாரின் ஓட்டம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் நடக்கிறது. அந்த 41-உம் தனியாக வருவதில்லை, 82, 123 என்று மேற்சுரங்களோடு சேர்ந்துதான் வரும். அவை தெளிவாகக் கேட்டால் அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். வீரியம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். மெட்டு தொலையாது.

அறையைப் பாருங்கள். 12 அடி என்றால் 3.66 மீட்டர். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி நின்று சுழலும் முதல் அலைவரிசை சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடிப் பக்கத்துக்கு 56. உங்கள் எட்டு அங்குல டவர் நன்றாக வேலை செய்வதும் அதே இடத்தில்தான். சில சுரங்கள் மட்டும் வீங்கி, குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல ஆகிவிடும். சின்னப் பெட்டி அந்த இடத்தில் அடக்கமாக இருப்பது இந்த அறையில் குறை இல்லை, வசதி.

கொடை_அதிர்வு

"குறை இல்லை, வசதி." இதைத்தான் எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். இல்லாத பேஸ் வீங்காது, உண்மைதான். காற்று விஷயத்துக்குப் பதிலைக் காணோமே?

குன்னூர்_ஸ்ருதி

வருகிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. கூம்பு அதே அளவு ஆடினால் ஒலி சுமார் 2 டெசிபல் குறையும். கோத்தகிரி அதைவிடத் தாழ்வு, ஒன்றரை டெசிபல் வரும். வால்யூமை ஒரு துளி திருப்பினால் சரியாகிவிடும். அதற்குப் பதிலாக இங்கே என்ன கிடைக்கிறது? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஃபேன் சத்தம் இல்லை, ஏசி இல்லை, ரோட்டில் ஹாரன் இல்லை. சமவெளி வீட்டில் அமுங்கிப்போகிற தம்பூரா இங்கே மெதுவாக வைத்தாலும் கேட்கும்.

கொடை_அதிர்வு

அந்த 2 டெசிபலை ஈடுகட்டக் கூம்பு கால்வாசி அதிகமாக ஆட வேண்டும். ஏற்கெனவே எல்லையில் ஆடிக்கொண்டிருக்கிற ஐந்து அங்குலத்துக்கு அது சும்மா இல்லை. அப்புறம் ராத்திரி அமைதி என்கிறீர்கள், சரி. தகரக் கூரையில் மழை பிடித்தால்? அவர் பெயரே தூறல். எங்கள் வீட்டில் மழை பெய்தால் டிவி வசனமே கேட்காது.

ஊட்டி_வால்வு

தம்பிகளா, இரண்டு பேரும் துளை போட்ட பெட்டியையே சுற்றி வருகிறீர்கள். துளையே இல்லாத மூடிய பெட்டி என்று ஒன்று உண்டு.

பிபிசி 1970-களில் எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்ன மானிட்டர் உருவாக்கியது. வெளி ஒலிபரப்பு வேன்களுக்குள் இடம் இல்லை, ஆனால் பேச்சும் பாட்டும் உள்ளபடி கேட்க வேண்டும் என்பதற்காக. உயரம் ஒரு அடிதான் இருக்கும். உள்ளே கெஃப் நிறுவனத்தின் ஐந்து அங்குல வூஃபரும் ஒரு ட்வீட்டரும். இன்றைக்கும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பாடகரின் குரல் அதில் நேரே வந்து உட்காரும்.

உங்கள் காற்றுக் கணக்கில் இன்னொரு பாதி விட்டுப்போயிற்று. எங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றுதான் கூம்புக்கு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் இங்கே தளர்வாக இருப்பதால் பெட்டி சற்றே கீழ் அலைவரிசை வரை இறங்கும். துளை போட்ட பெட்டியில் துளையின் ஸ்ருதி ஒலியின் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகம் குளிர், வெயிலுக்கு மாறுமே தவிர உயரத்துக்கு மாறாது. ஆகவே மலைக்கு வந்ததில் லாபம் மூடிய பெட்டிக்கு.

கச்சேரி பற்றியும் ஒன்று. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்கிற கறுப்புப் பூச்சு இருப்பதால்தான் அதன் மேற்சுரங்கள் ஸ்ருதியோடு இசைந்து நிற்கின்றன. சி. வி. ராமன் இதை 1920-இலேயே எழுதினார், 1934-இல் விரிவாக. அந்த நாதம் முழுக்க நடு அலைவரிசையில் இருக்கிறது. அங்கே நல்ல சின்னப் பெட்டி எந்த டவருக்கும் சளைத்தது இல்லை. இடப்பக்கத் தொப்பியில் விழும் கும்கி என்கிற அடிநாதம் மட்டும் கொஞ்சம் மெலியும்.

கொடை_அதிர்வு

ஐயா, மதிப்போடு சொல்கிறேன். எல்எஸ்3/5ஏ-யின் ஒலித்திறன், அதாவது ஆம்ப் தருவதற்கு எவ்வளவு சத்தம் எழுப்பும் என்ற அளவு, 82, 83 டெசிபல்தான். இன்றைய சாதாரணப் பெட்டிகள் 86-க்கு மேல் தருகின்றன. 3 டெசிபல் வித்தியாசம் என்றால் ஆம்ப் இரண்டு மடங்கு வாட் தர வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு சின்ன மேடு வைத்துத்தான் அதில் பேஸ் இருப்பது போலக் காட்டுகிறார்கள். கும்கி மெலியும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கும்கி இல்லாமல் தனி ஆவர்த்தனமா?

ஊட்டி_வால்வு

மெலியும் என்றேன், இல்லாமல் போகும் என்று சொல்லவில்லை. அந்த மேடு இருப்பதும் தெரிந்ததுதான். தெரிந்தே நாற்பது வருஷமாக ரசிக்கிறார்கள்.

மேட்டுப்பாளையம்_பவர்

மலை ஏறாமல் கீழே இருந்து ஒரு கருத்து. ஆம்ப், ஒயர், ஜோடிப் பொருத்தம் என்று எதற்கு இத்தனை தலைவலி? உள்ளேயே ஆம்ப் இருக்கிற ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்குங்கள். எடிஃபயர் ஆர்1280டிபி, நாலு அங்குல வூஃபர், ப்ளூடூத் உண்டு, இரண்டுக்கும் சேர்த்து 42 வாட். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மிச்சம். 10-க்கு 12 அறைக்கு இது போதாதா?

குன்னூர்_ஸ்ருதி

சத்தத்துக்குப் போதும், மேசைமேல் வைத்துக் கேட்க நல்ல பொருள். ஆனால் மலையில் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய், திரும்பி வரும்போது எப்படி வருகிறது என்று உங்களுக்கும் தெரியும். ஆக்டிவ் பெட்டியில் போர்டு போனால் ஸ்பீக்கரையே தூக்கிக்கொண்டு பர்லியார் வளைவுகளில் இறங்க வேண்டும். பாசிவ் என்றால் ஆம்ப் மட்டும் போகும், ஸ்பீக்கர் வீட்டில் இருக்கும். எதை வாங்கினாலும் ஸ்டெபிலைசர் இல்லாமல் சொருகாதீர்கள்.

ஈரம் பற்றி யாரும் பேசவில்லை. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அந்த மழை முடிந்ததும் நண்பர் வீட்டு ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தேன். டெர்மினல் திருகைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. முன்பக்கத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறப் பூஞ்சை. பெட்டியின் அடி விளிம்பில் மேல் தாள் உரிந்து, உள்ளே இருந்த எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) உப்பி, விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. வெளிச்சுவரோடு ஒட்டி, வெறும் தரையில் வைத்திருந்தார். அது டவர். அலமாரியில் இருக்கிற பெட்டிக்கு இந்தக் கதி வராது.

பழைய பங்களா சாமான் ஏலத்தில் ஸ்பீக்கர் எடுப்பவர்கள் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் இந்த ஈரத்தில் பிசுபிசுத்துக் கிழிந்துபோகும். ரப்பர் என்றால் தாங்கும்.

தூறல்_கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. ஆனால் நான் கேட்ட பின் துளை, முன் துளை விஷயம் அப்படியே நிற்கிறது.

குன்னூர்_ஸ்ருதி

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். உங்கள் அறையைவிட நீளம். அவ்வளவு பெரிய அலைக்குத் துளை முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன? சுவரோரம் வைத்தால் பேஸ் கூடுவது சுவரால். முன் துளைப் பெட்டிக்கும் அதேதான் நடக்கும். பின் துளை மூச்சுவிடக் குறைந்தது துளையின் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அளந்து பாருங்கள். 3020ஐ-யின் ஆழம் சுமார் 28 செ.மீ. உங்கள் அலமாரி ஒரு அடி, அதாவது முப்பதரை. மிஞ்சுவது இரண்டரை செ.மீ. அதில் ஒயரும் திரும்ப வேண்டும். துளையை அடைக்க நுரைக்கட்டை கூடவே தருகிறார்கள், அடைத்துவிட்டால் ஐயா சொல்கிற மூடிய பெட்டிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். எலாக் ஆழம் குறைவு, 24 செ.மீ.க்குள். உங்கள் அலமாரிக்கு அதுதான் தோது. கடைக்காரர் சொன்ன முடிவு சரி, காரணம்தான் வேறு.

"கொஞ்சம் முன்னால் இழுத்து வைக்கிறேன்" என்று ஸ்டாண்ட் போட்டு 60 செ.மீ. தள்ளி வைத்தால் இன்னொரு வம்பு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் பக்கம் நேர் ஒலியை வெட்டும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கொடை_அதிர்வு

இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அலமாரிப் பலகை? பாட்டு ஓடும்போது பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதுவும் சேர்ந்து பாடும். அதற்குத்தான் நான் தரையில் நிற்கிற பெட்டி என்கிறேன்.

ஊட்டி_வால்வு

பழைய சைக்கிள் டியூபை வெட்டி மடித்து நாலு மூலையிலும் வையுங்கள். பெட்டியின் முகம் பலகை விளிம்போடு சமமாக இருக்கட்டும். பக்கத்துக் காலியிடத்தில் புத்தகங்களை நெருக்கி அடுக்குங்கள். பலகையும் அடங்கும், அலமாரிக்குள் ஒலி முழங்குவதும் குறையும்.

தூறல்_கோத்தகிரி

எலாக் என்று முடிவு செய்கிறேன். ஆம்ப் எத்தனை வாட்? கடையில் 100-க்குக் குறையாமல் வேண்டும் என்றார்கள்.

குன்னூர்_ஸ்ருதி

86 டெசிபல் பெட்டிக்கு உங்கள் அறையில் சாதாரணமாகக் கேட்க ஒரு வாட்டே போதும். திடீரென எழும் தாளத்துக்குத்தான் கையிருப்பு. பிஎம்பிஓ என்ற ஊதிப்பெருக்கிய கணக்கில் ஆயிரக்கணக்கான வாட் போட்டு விற்ற காலத்தை மறந்துவிடாதீர்கள். 6 ஓம் பெட்டியைத் தாங்குகிற நேர்மையான 40, 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப் போதும். பழையது கிடைத்தாலும் பரவாயில்லை. காற்று மெலிசாக இருப்பதால் ஆம்பின் சூடும் இங்கே மெதுவாகத்தான் இறங்கும், அதன் தலைமேல் எதையும் அடுக்காதீர்கள்.

கொடை_அதிர்வு

கச்சேரிக்குச் சரி. ஹப்பாவுக்குச் சொந்தக்காரர்கள் ஆட வரும்போது அந்த ஐந்து அங்குலத்தை எங்கே ஒளித்து வைப்பீர்கள் என்று பார்க்கிறேன். பேஸுக்கென்றே தனிப் பெட்டி, சப்வூஃபர் ஒன்று சேர்க்காமல் நடக்காது.

குன்னூர்_ஸ்ருதி

ஆட்டத்துக்கு என்றால் நானும் மறுக்கவில்லை. தூறல், ஆம்ப் வாங்கும்போது பின்னால் சப்வூஃபரை இணைக்க சப் அவுட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடை_அதிர்வு

கடைசியில் வந்துவிட்டீர்கள் பாருங்கள்.

தூறல்_கோத்தகிரி

சப் அவுட் உள்ளதாகவே பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவை இறங்குகிறேன். மச்சானும் கூட வருகிறார், அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.