கண்மணி பாட்டில் அந்தப் பெண் குரல் யாருடையது?

பழைய_கேசட்:
"மஞ்ஞும்மல் பாய்ஸ் ஓடிய ஓட்டமே சாட்சி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய இசை மேதைகளை நன்றாகத் தெரியும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1991-ல் வந்த குணா படத்தின் பாட்டு 2024-ல் அந்த மலையாளப் படத்தில் வந்து தியேட்டரில் ஒலித்தபோது விசில் பறந்தது, சரி. அந்தக் 'கண்மணி அன்போடு' பாட்டில் கமலோடு பாடிய பெண் குரல் யாருடையது என்று விசிலடித்தவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? எஸ். ஜானகி. 1957-லிருந்து பாடியவர். பாட்டு தெரிவது வேறு, ஆளைத் தெரிவது வேறு.

ஹெட்போன்_பையன்:
அங்கே விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். அது ஜானகி அம்மா குரல் என்று எனக்குத் தெரியும். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், 2014-ல், வேலையில்லா பட்டதாரி படத்தில் அனிருத் இசையில் தனுஷோடு 'அம்மா அம்மா' பாடியதும் அவர்தான். எங்களுக்கு அவர் பழைய ஆளே இல்லை.

பழைய_கேசட்:
தம்பி, உங்களுக்குத் தெரிந்திருப்பதில் சந்தோஷம். ஆனால் கேள்வி அதுவல்ல. கண்மணி பாட்டை வைத்து ஆயிரக்கணக்கில் ரீல்ஸ் போட்டார்களே, அதில் எத்தனை பேர் ஜானகி என்று பெயர் போட்டார்கள்? கமல் பெயர் இருந்தது, குணா குகை இருந்தது, கொடைக்கானல் இருந்தது. பாட்டைத் தூக்கி நிறுத்தியவர் பெயர் மட்டும் இல்லை.

ஹெட்போன்_பையன்:
முதலில் "தம்பி"யை விடுங்கள் சார். வயதைச் சொல்லி வாயை அடைப்பது வாதம் ஆகாது. ரீல்ஸில் ஒரு பாட்டைத் தொட்டால் 'ஒரிஜினல் ஆடியோ' என்று வரும், பக்கத்தில் அதை ஏற்றிய யாரோ ஒருவருடைய பெயர் வரும். பாடியவர் பெயரே இல்லாமல் பாட்டைக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் தெரியவில்லை என்று எங்களைக் கேட்டால் எப்படி?

நடுவிலிருப்பவன்:
ஒரு சந்தேகம். "தெரியும்" என்றால் எது? பெயர் தெரிவதா, முகம் தெரிவதா, குரலைக் கேட்டதும் கண்டுபிடிப்பதா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது.

பழைய_கேசட்:
முடிவு செய்ய என்ன இருக்கிறது? கண்மணி பாட்டின் பெண் குரல் யார் என்று கேட்டால் பதில் வர வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டையே போடுவார்கள். கேசட் வாங்கினால் உள்ளே மடித்து வைத்த அட்டையை விளக்குப் பக்கம் பிடித்து, பொடி எழுத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் யார் யார் என்று படிப்போம். பெயர் அப்படித்தான் மனதில் ஏறியது.

ஹெட்போன்_பையன்:
அதையேதான் நானும் சொல்கிறேன். உங்களுக்கு வானொலி சொன்னது, எங்களுக்குச் செயலி சொல்லவில்லை. இதில் உங்கள் தலைமுறைக்கு என்ன தனிப் பெருமை?

ராஜாவின்_ரசிகன்:
பாட்டு யாருடையது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது இளையராஜாவின் பாட்டு. பாட்டை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாக 2024 மே மாதம் மஞ்ஞும்மல் பாய்ஸ் தயாரிப்பாளர்களுக்கு அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது ஊருக்கே தெரியும். அன்னக்கிளியில் 1976-ல் ஜானகியைப் பாட வைத்தவரும் அவர்தான்.

பழைய_கேசட்:
அன்னக்கிளிக்கு முன்னால் ஜானகி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாரா? 1962-லேயே கொஞ்சும் சலங்கையில் 'சிங்கார வேலனே தேவா' பாடிவிட்டார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் ஒரு பக்கம், ஜானகியின் ஸ்வரம் ஒரு பக்கம். எது வாத்தியம், எது தொண்டை என்று தடுமாற வைத்த பாட்டு. அதற்கு இசை உங்கள் ராஜா இல்லை.

ஹெட்போன்_பையன்:
எஸ். எம். சுப்பையா நாயுடு. நீங்கள் பெயரைச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். எங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

பழைய_கேசட்:
கூகுள் இருக்கும்போது எல்லோரும் மேதைதான். சரி, தெரிந்தே சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒருவர் தெரிந்து வைத்திருந்தால் தலைமுறைக்கே தெரியும் என்றாகிவிடாது. மறுபடியும் கேட்கிறேன்: கண்மணி பாட்டின் பெண் குரல் யாருடையது என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

ராஜாவின்_ரசிகன்:
நோட்டீஸ் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஹெட்போன்_பையன்:
நீங்கள் கேட்கவே இல்லை. தயாரிப்பாளர்கள் முறைப்படி உரிமை வாங்கியதாகச் சொன்னார்கள், அந்தச் சண்டைக்கு வேறு இடம் பாருங்கள். பழைய கேசட் சாருக்கு ஒரு கேள்வி. 2013-ல் ஜானகி அம்மாவுக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். காலம் கடந்து வருகிறது, தென்னிந்தியக் கலைஞர்களைக் கண்டுகொள்வதில்லை என்று சொல்லி அவர் ஏற்க மறுத்தார். 1957-லிருந்து 2013 வரை 56 வருஷம். அந்த 56 வருஷமும் ஓட்டுப் போட்டது, விருதுக் குழுக்களில் உட்கார்ந்தது எல்லாம் எந்தத் தலைமுறை? மறந்தது யார்?

பழைய_கேசட்:
அரசாங்கம் மறந்ததற்கு நான் பொறுப்பா? ரசிகன் மறக்கவில்லை. 16 வயதினிலே படத்தின் 'செந்தூரப் பூவே' தேசிய விருது வாங்கியபோது கொண்டாடியது நாங்கள். தேவர் மகன் 'இஞ்சி இடுப்பழகி'க்கு வாங்கியபோதும் நாங்கள்தான்.

ராகமாலிகா:
இவ்வளவு நேரமாக ஜானகி, ஜானகி என்றே போகிறது. பி. சுசீலா அம்மா பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பெண் பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கியவரே அவர்தான், உயர்ந்த மனிதன் படத்தின் 'பால் போலவே' பாட்டுக்காக. 2016-ல் ஆறு இந்திய மொழிகளில் 17,695 பாடல்கள் என்று கின்னஸில் இடம்பெற்றார். மறதியைப் பற்றிப் பேச வந்தவர்களே மறந்தால் எப்படி?

பழைய_கேசட்:
அம்மா, சுசீலாவை யாரும் குறைத்துப் பேசவில்லை. பேச்சு கண்மணி பாட்டைப் பற்றியது. அதைப் பாடியவர் ஜானகி.

ராகமாலிகா:
ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறையையே எடை போடுகிறீர்கள். போன வருஷமும் இதே மாதிரி ஒரு விவாதத்தில் சுசீலா அம்மா குரலை "தட்டையான குரல்" என்று எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

பழைய_கேசட்:
"நேரான குரல்" என்று எழுதினேன். குற்றமாகச் சொல்லவில்லை. கிழவி குரல், குழந்தை குரல் எல்லாம் ஜானகிக்குக் கைவந்ததைச் சொல்லும்போது ஒப்பிட்டுச் சொன்னது.

ராகமாலிகா:
ஒப்பிடச் சொல்லி யார் கேட்டது? தமிழ் உச்சரிப்பைச் சுசீலா அம்மாவிடம் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்து பிசகாது.

ஹெட்போன்_பையன்:
இரண்டு பேர் பெயரும் போட்ட பிளேலிஸ்ட் என் போனில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?

பழைய_கேசட்:
பிளேலிஸ்டில் கண்மணி பாட்டுக்கு நேராக யார் பெயர் போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஹெட்போன்_பையன்:
இளையராஜா, கமல்ஹாசன், எஸ். ஜானகி. மூன்றாவதாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

பழைய_கேசட்:
மூன்றாவதாக! அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராஜாவின்_ரசிகன்:
முதலில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

ராகமாலிகா:
"தட்டையான" என்றுதான் எழுதினீர்கள். பழைய பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் போடுகிறேன்.