தோட்டத்து இருப்புப்பாதையில் முதல் நீராவி: அனுபவப் பகிர்வு

யார்க்‌ஷயரிலிருந்து:

எங்கள் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர் அகலம் கொண்ட மாதிரி ரயில்பாதை பதித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஓர் அடியை 16 மில்லிமீட்டராகச் சுருக்கும் அளவுமுறையில் இது சரியாக இரண்டடி அகலப் பாதையைக் குறிக்கும். வடக்கு வேல்ஸில் ஸ்லேட் கற்களைத் துறைமுகத்துக்குச் சுமந்த ஃபெஸ்டினியோக் பாதையும், டார்ஜிலிங் மலைப்பாதையும் ஏறத்தாழ இந்த அகலத்தில் அமைந்தவை. மின்சாரத்தில் ஓடும் மாதிரி ரயில்களோடு பழகிவிட்டு உண்மையான நீராவி எஞ்சினுக்கு வருபவர்கள் பலர் முதல் நாளிலேயே மனம் சோர்ந்துவிடுகிறார்கள். எஞ்சின் ஓடுகிற இருபது நிமிடம் எப்படி அமையும் என்பது, நெருப்பு வைப்பதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் நாம் செய்தவற்றாலும் செய்யத் தவறியவற்றாலும் முடிவாகிவிடுகிறது. அதை நான் உணர்ந்த விதத்தை இங்கே எழுதுகிறேன். உங்கள் முதல் ஓட்டங்களையும் நீங்கள் எழுத வேண்டும்.

நான் வாங்கியது பியூட்டேன் வாயுவில் எரியும் பழைய எஞ்சின். கொதிகலனில் தண்ணீர் வற்றினால் ஆபத்து என்று படித்திருந்ததால், கழுத்து வரை நிரப்பிவிட்டேன். சூடேறும்போது தண்ணீர் விரியும் என்பதையும், அதற்கு மேலே நீராவி சேர ஓர் இடைவெளி வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்கவில்லை. அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டைத் தொட்டதும், சிலிண்டருக்கு நீராவியை விடும் வால்வான ரெகுலேட்டரைத் திறந்தேன். நீராவிக்குப் பதிலாகக் கொதிநீரே சிலிண்டருக்குள் புகுந்தது. நீராவி அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. பிஸ்டன் பாதி வழியில் நின்று, சக்கரங்கள் இறுகிவிட்டன. எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் தள்ளியபோது, புகைபோக்கி வழியாகச் சுடுநீரும் எண்ணெயும் பீறிட்டு என் சட்டைக் கையை முழங்கை வரை நனைத்தன. இப்போதெல்லாம் கொதிகலனை விளிம்பு வரை நிரப்பிய பின், ஊசிக்குழாயால் 30 மில்லிலிட்டர் உறிஞ்சி எடுத்துவிடுகிறேன். அப்படிச் சரியாக நிரப்பியிருந்தாலும், குளிர்ந்த சிலிண்டரில் படும் முதல் நீராவி தண்ணீராகத்தான் மாறும். ஆகவே புகைபோக்கியின் மேல் ஒரு பழைய துணியைப் பிடித்துக்கொண்டு, திசைமாற்றும் நெம்புகோலை முன்னும் பின்னும் சில முறை தள்ளி, அந்தத் தண்ணீரை வெளியேற்றிய பிறகே வண்டிகளைக் கோக்கிறேன்.

இதைவிடப் பெரிய பாடத்தைக் கற்பித்தது எண்ணெய்க் கலம். ஓட்டுநர் அறைக்குள் கட்டைவிரல் பருமனில் இருக்கும் அந்தச் சிறு கலத்தின் மேற்பகுதி வழியாக நீராவிக் குழாய் செல்லும். குழாயில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கும். துளை வழியே கலத்துக்குள் நுழையும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது. எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்க, மேலே தள்ளப்படும் எண்ணெய் அதே துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக நீராவியில் கலந்து சிலிண்டருக்குச் செல்கிறது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத இந்த ஏற்பாட்டை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஆனால் ஓட்டம் முடியும்போது கலத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் தண்ணீரே. அதை வடிக்காமல் மேலே நான்கு சொட்டு எண்ணெய் விட்டு மூடினால், அடுத்த ஓட்டத்தின் தொடக்கத்திலேயே அந்த நான்கு சொட்டும் தீர்ந்துவிடும். நான் மூன்று வாரம் அப்படித்தான் செய்தேன். எஞ்சின் முனகத் தொடங்கிய பின் நீராவிப் பெட்டியைத் திறந்து பார்த்தால், சிலிண்டருக்குள் நீராவியை மாற்றி மாற்றி விடும் நழுவு வால்வின் முகத்தில் நகக்கீறல்போல் கோடுகள் விழுந்திருந்தன. நீராவி எஞ்சினுக்கென்றே விற்கும் 460 தரக் கெட்டி எண்ணெயைத்தான் அதில் ஊற்ற வேண்டும். தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெயை நீராவி கழுவிக்கொண்டு போய்விடும்.

நாட்டிங்கமிலிருந்து:

ஐயா, நெருப்புக்கு முந்தைய கால் மணி நேரம் என்றீர்கள். என்னைப் பொறுத்தவரை அது பதினான்கு மாதம். எஞ்சினை விலைக்கு வாங்காமல், கொதிகலன் முதல் நானே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு.

செம்புக் குழாயையும் செம்புத் தகட்டையும் வெள்ளி கலந்த பற்றுக்கம்பியால் இணைப்பதுதான் இதில் உயிர்நிலையான வேலை. சாதாரண ஈயப் பற்று ஏன் ஆகாது என்று தொடக்கத்தில் நானும் கேட்டிருக்கிறேன். 40 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 141 பாகை செல்சியஸ். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 190 பாகைக்குள்ளாகவே உருகத் தொடங்கிவிடும். தண்ணீர் வற்றிய ஒரு நிமிடத்தில் இணைப்புகள் கழன்றுவிடக்கூடும். 55 விழுக்காடு வெள்ளி கொண்ட பற்றோ 630 முதல் 660 பாகையில்தான் உருகுகிறது. செம்பின் உருகுநிலை 1085 பாகை என்பதால் இரண்டுக்கும் இடையே நமக்கு வேண்டிய அளவு இடைவெளி கிடைக்கிறது.

சிறு வயதில் எங்கள் தெருப் பொற்கொல்லர் வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுவதைத் திண்ணையில் அமர்ந்து மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவர் தம் கையில் இருந்த நகையைப் பார்த்ததைவிட நெருப்பின் நிறத்தைத்தான் அதிகம் பார்த்தார். நான் முதல் முறை எரிவாயு விளக்கைப் பிடித்தபோது அதற்கு நேர்மாறாகப் பற்றுக்கம்பியின் மேலேயே சுடரைக் காட்டினேன். கம்பி உருகி உருண்டையாகி, தகட்டில் ஒட்டாமல் ஓடிற்று. சூடாக வேண்டியது உலோகம். செம்பு முழுவதும் மங்கிய சிவப்பை அடைந்த பிறகு கம்பியை இணைப்பில் தொட்டால், அது தானாகவே இடுக்குக்குள் பாய்ந்து மறுபுறத்தில் மெல்லிய வெள்ளி வளையமாகத் தெரியும். செம்பு வெப்பத்தை வெகுவேகமாகக் கடத்திவிடுவதால், கைக்குள் அடங்கும் கொதிகலனுக்குக்கூடப் பெரிய சுடரும் சுற்றிலும் சூளைச் செங்கல்லும் தேவைப்படுகின்றன.

முடித்த கொதிகலனை நீர் அழுத்தத்தில் சோதித்த நாளை மறக்க முடியாது. உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாதபடி தண்ணீரால் நிரப்பி, கைப்பம்பால் இயங்கு அழுத்தத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 80 பவுண்டு வரை ஏற்ற முயன்றேன். காற்றை அடைத்துச் சோதிப்பது பெருந்தவறு. அமுக்கப்பட்ட காற்று சுருள்வில்லைப்போல் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும், இணைப்பு விட்டால் வெடிக்கும். தண்ணீரானால் ஒரு சொட்டுக் கசிந்ததுமே அழுத்தம் இறங்கிவிடும். 60 பவுண்டில் முள் நின்று, மெல்லக் கீழே இறங்கியது. பின்தகட்டில் ஒரு வால்வு முனையின் அடியில் வியர்வைபோல ஈரம் அரும்பியிருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துலக்கி, மீண்டும் சூடேற்றி, பற்றை மறுபடி ஓடவிட்டேன். இரண்டாம் சோதனையில் முள் அரை மணி நேரம் அசையவில்லை. எஞ்சின் முதல் முறை ஓடிய நாளைவிட அந்த அரை மணி நேரமே எனக்கு மகிழ்ச்சியானது.

வேல்ஸிலிருந்து:

என்னுடையது சிறிய குறிப்பு. குளிர்காலத்தில் ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பியூட்டேனின் கொதிநிலை சுழியத்துக்கு அரைப் பாகை கீழே. வெளியில் உறைபனி இருந்தால் தொட்டிக்குள் வாயு ஆவியாகவே மறுக்கும். ஆவியாகும்போது மிச்சத் திரவமும் குளிர்ந்துகொண்டே போவதால் சுடர் நிமிடத்துக்கு நிமிடம் சுருங்கும். முதல் மார்கழியில் எரிகுழாய் கெட்டுவிட்டது என்று எண்ணி முழுவதையும் கழற்றிப் பார்த்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. புரோப்பேன் கலந்த வாயுவுக்கு மாறி, தொட்டியைச் சுற்றிக் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் நிற்கும்படி ஒரு தகரத் தொட்டில் செய்ததும் சரியாயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எரிவாயுத் தொட்டி தண்ணீருக்கு முன்னரே தீரும்படிதான் இவ்வகை எஞ்சின்களைப் பொதுவாக அமைக்கிறார்கள். ஓட்டத்தின் நடுவே தண்ணீரைக் கவனிக்காமல் வாயுவை மட்டும் மறுபடி நிரப்பினால் அந்தப் பாதுகாப்பை நாமே அழித்துவிடுகிறோம். வாயு நிரப்பும் இடத்துக்கு அருகில், எரியும் வேறொரு எஞ்சின் நிற்கவும் கூடாது.

கென்ட்டிலிருந்து:

அண்ணா, நீங்கள் மூவரும் எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் எழுதத் துணிவு வந்தது. நான் ஓட்டுவது நிலக்கரி எஞ்சின். அடுத்த வீட்டில் வாழ்ந்த முதியவர் ஒருவர், கண்பார்வை குறைந்ததும், தம் எஞ்சினை என்னிடம் தந்து, இரண்டு கோடைகாலம் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தபோது அவர் எஞ்சினைப் பார்த்ததே இல்லை. காதால் கேட்டே சொல்லுவார்.

வாயுவைத் திருகினால் எரியும். நிலக்கரியை வளர்த்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறிய மரக்கரித் துண்டுகளை அடுப்பில் பரப்பி, புகைபோக்கியின் மேல் மின்கலத்தில் சுழலும் சிறு விசிறியைப் பொருத்திக் காற்றை இழுக்கச் செய்து, பிறகு பற்றவைக்கிறோம். மரக்கரி கனிந்ததும் உளுந்துக்கும் பட்டாணிக்கும் இடைப்பட்ட அளவில் உடைத்த நிலக்கரியைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கிறோம். அழுத்தம் 15 பவுண்டை எட்டியதும் விசிறியை எடுத்துவிட்டு, எஞ்சினின் சொந்த நீராவியையே புகைபோக்கிக்குள் பீய்ச்சும் ஊதுகுழாயைத் திறக்கிறோம். அந்தக் கைமாற்றத்தில் தாமதித்தால் நெருப்பு அணைந்துவிடும். நான் முதல் மாதத்தில் ஏழு முறை அணைத்திருக்கிறேன்.

ஓடத் தொடங்கிய பின் நடப்பது வேறு. சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே பாயும்போது அடுப்பிலிருந்து காற்றை இழுக்கிறது. சுமை கூடக்கூட இழுப்பும் கூடி நெருப்பும் பெருகுகிறது. 1829இல் ஓடிய ராக்கெட் எஞ்சினிலும் இதே ஏற்பாடு இருந்தது. ஆகவே வெறும் எஞ்சினாக ஓட்டும்போது மங்கிப்போகும் நெருப்பு, ஆறு வண்டிகளைக் கோத்ததும் உயிர்பெறும். எஞ்சினுக்குப் பாரமாக இருக்குமே என்று இரங்கி நான் வண்டிகளைக் குறைத்துக்கொண்டே வந்தேன். "சத்தம் மெலிகிறது, இன்னும் இரண்டு வண்டி சேர்" என்று அவர் நாற்காலியிலிருந்தே சொன்னார். சேர்த்தேன், அடுத்த சுற்றிலேயே முள் ஏறியது.

ஓர் எச்சரிக்கை. இந்த அளவில் நீர்மட்டக் கண்ணாடிக் குழாய் மிகவும் குறுகலானது என்பதால், தண்ணீரின் ஒட்டும் இயல்பால் குமிழிகள் அதற்குள் சிக்கிக்கொண்டு, இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும். அடியிலுள்ள வால்வைத் திறந்து குழாயை ஒரு முறை வெளியேற்றி, மட்டம் மீண்டும் ஏறி நிற்பதைக் கண்ட பிறகே அதை நம்புங்கள்.

மீண்டும் யார்க்‌ஷயரிலிருந்து:

தங்கை, உங்கள் முதியவர் சொன்ன அந்தச் சுமைக் கணக்கு என் தோட்டத்தில் நிகழ்ந்த ஒரு விபத்தையும் விளக்குகிறது. மின்சார எஞ்சினைப்போல் நீராவி எஞ்சின் வேகத்தைத் தானே ஒரே சீராக வைத்துக்கொள்ளாது. ரெகுலேட்டரை ஒருமுறை திறந்து விட்டுவிட்டால், ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் பாயும். கடந்த ஆண்டு மழைக்குப் பின் தெற்கு வளைவின் அடியிலிருந்த கான்கிரீட் கட்டை ஒன்று விரற்கடை அளவு தாழ்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டே வண்டிகளோடு வந்த எஞ்சின் அங்கே வேகமெடுத்து, வளைவில் கவிழ்ந்து, எரிந்துகொண்டே புல்லில் கிடந்தது. வாயுவை அடைத்துத் தூக்கி நிறுத்தியபோது புகைபோக்கியின் விளிம்பு நசுங்கியிருந்தது, வேறு சேதமில்லை.

ரெகுலேட்டரை இயக்கும் வானொலிக் கட்டுப்பாட்டைப் பொருத்தினால் இதைத் தவிர்க்கலாம். நண்பர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்குக் கையால் திறந்துவிட்டுப் பின்னால் நடப்பதுதான் பிடித்திருக்கிறது, அதனால் பாதையைத்தான் திருத்த வேண்டும். இந்த ஞாயிறு மழை இல்லையென்றால் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு தெற்கு வளைவின் ஒவ்வொரு கட்டையாகப் பார்க்கப்போகிறேன். நாட்டிங்கம் அன்பர், உங்கள் கொதிகலனுக்கு மரப்பட்டிகளால் வெப்பக்காப்பு போர்த்தினீர்களா, அல்லது வெறும் செம்பாகவே விட்டுவிட்டீர்களா என்று எழுதுங்கள். சிறிய கொதிகலன் தன் கொள்ளளவுக்கு மிஞ்சிய பரப்பு கொண்டிருப்பதால், எங்கள் ஊர்க் காற்றில் விரைவாகச் சூட்டை இழந்துவிடுகிறது.